உட்கார்ந்தபடியே ஐயம்பேட்டை வரை

"இந்த வாட்ச்சு கெட்டுப்போச்சு கவி. கழட்டிக் குப்பையில போடு."

இடது இடுப்பில் தண்ணீர்க் குடம். வலது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசற்படி ஏறினாள் திலகா அக்கா. ஒரே ஒரு படிதான். அதற்கே நிலையைப் பிடிக்க வேண்டியிருந்தது. என் கூடப்பிறந்தவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். முப்பத்தாறு வயது.

அன்றைக்கு அமாவாசை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருக்காரர்கள் அமாவாசையில் தறியில் உட்கார மாட்டார்கள். மற்ற நாளெல்லாம் வீட்டுக்கு வீடு கேட்கிற டக் டக் சத்தம் அன்றைக்கு இருக்காது. குக்கர் விசில்தான் கேட்கும். நான் அக்கா வீட்டுக் கூடத்தில், துணி போட்டு மூடிய தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தேன்.

"ஏன், இன்னா ஆச்சு அதுக்கு?"

"காலையிலேர்ந்து மார்க்கெட்டு, கோயிலு, மூணு நடை தண்ணி. கால் ஓயவே இல்ல. ரெண்டாயிரத்து எட்டு நூறுன்னு காட்டுது. நேத்து பூரா தறியிலயே உக்காந்துக்கினு இருந்தேன், பதினாறாயிரம் காட்டுச்சு. வேலை செய்யற நாள்ல நடந்தேங்குது, நடக்கற நாள்ல தூங்குனேங்குது. இன்னா வாட்ச்சுபா இது?"

வாயிலிருந்த வடையை மெல்ல மறந்துவிட்டேன்.

அக்காவின் இடது கையைப் பார்த்தேன். குடத்தைச் சுற்றி வளைத்துப் பிடித்திருந்தது அந்தக் கை. துளி ஆட்டமில்லை. அந்த மணிக்கட்டில்தான் அவள் வாட்ச்சு என்று சொன்ன, நடையை எண்ணும் கைப்பட்டை இருந்தது. பிறகு மூடிய தறியைப் பார்த்தேன். நேற்று இதே இடது கை இந்தத் தறியின் அச்சை இழுத்து அடித்திருக்கிறது, இழுத்து அடித்திருக்கிறது, காலையிலிருந்து சாயங்காலம் வரை.

அந்தப் பதினாறாயிரம் நடையில்லை, கை அடித்த அடி என்று அப்போதுதான் உறைத்தது.  அதற்குப் பிறகு வந்த கோபம் இன்னும் போகவில்லை. இந்த வாரப் பத்தியில் எழுதப்போவது முழுக்க அந்தக் கோபத்தைத்தான்.

ஏனென்றால் எங்கள் தெருவில் அந்தக் கைப்பட்டைகளைக் கட்டிவிட்டவள் நான்.

ஜிம்மு படிப்பு

தெருவில் என் படிப்புக்கு 'ஜிம்மு படிப்பு' என்று பெயர். சென்னையில் உடற்பயிற்சி உடலியலில் முதுகலை முடித்தேன். ஓடும்போது இதயம் என்ன செய்கிறது, எடை தூக்கினால் தசை எப்படி வளர்கிறது, வேலை கொடுக்காமல் விட்டால் எவ்வளவு சீக்கிரம் கரைகிறது, இதெல்லாம்தான் பாடம். முதல்முறை ஆய்வுக்கூடத்து டிரெட்மில்லில் மூக்கையும் வாயையும் மூடுகிற ரப்பர் முகமூடியோடு ஓடினேன். நான் விடுகிற மூச்சு திரையில் கோடாக ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷம் தாங்காமல் சிரித்துவிட்டேன். கோடு கோணிக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்கள்.

போன வாரம் என் எண்ணூறு மீட்டர் பந்தயக் கதையை எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்த ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "உழைக்கிற ஜனங்களுக்கு எதற்கம்மா உடற்பயிற்சி? தறி போடுவதே உடற்பயிற்சிதானே?"

ஐயா, உங்கள் மேல் கோபமில்லை. இதையே வண்ண வண்ணப் படம் போட்டு, ஏசி அறையில், மைக்கில் சொல்லிக் கேட்டவள் நான். அதைக் கேட்டுக் கைதட்டியவளும் நான்.

குழித்தறி பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தரையில் ஒரு குழி. குழியின் விளிம்பில் பலகை. அதில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டால் பாதத்துக்குக் கீழே மிதி. கால் மிதியை அழுத்தும். வலது கை கயிற்றைச் சுண்டி, குறுக்கு நூல் கொண்டுபோகும் நாடாவை ஓடவிடும். இடது கை, ஓடிய நூலை நெருக்க அச்சு என்கிற சட்டத்தை இழுத்து அடிக்கும். பார்த்தால் உடம்பில் ஓயாத அசைவு. ஆனால் உடம்பின் எடையைக் கால் தாங்குவதே இல்லை. தொடை நாள் முழுக்கப் பலகையில் கிடக்கிறது. மூச்சு வாங்குவதில்லை. முதுகு மட்டும் வளைந்தபடியே இருந்து வலிக்கிறது.

அலுப்பு வேறு, பயிற்சி வேறு. அலுப்பு உடம்பை ஒரே இடத்தில் வைத்துத் தேய்க்கும். பயிற்சி உடம்பிடம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், பிறகு ஓய்வு கொடுக்கும், அந்த ஓய்வில் உடம்பு தன்னைக் கட்டிக்கொள்ளும். இது எங்கள் துறையில் புதுச் சமாச்சாரமே இல்லை. முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் இந்தக் கோபத்தில் சரிபாதி என் மேல்.

வேலை செய்யாத கை

வெளியூர் அறக்கட்டளை ஒன்று காஞ்சிபுரத்தில் இலவச உடற்பயிற்சி அறை ஒன்று திறக்க முன்வந்தது. ஒரே ஒரு அறை. வாரம் மூன்று நாள் பிசியோதெரபிஸ்ட் வந்து உட்காருவார். எங்கே திறப்பது? எங்கள் தெருக்கோடியில் பூட்டிக்கிடக்கும் பழைய நூல் கிடங்கு ஓர் இடம். சென்னை போகிற சாலையோரத்தில் புதிதாக எழும்பிய அபார்ட்மென்ட் இன்னோர் இடம். யார் குறைவாக நடமாடுகிறார்களோ அவர்களுக்கே அறை என்று முடிவு செய்து, அதை நடை எண்ணும் கைப்பட்டை கட்டி ஏழு நாள் அளந்து சொல்லும் ஆய்வைச் சென்னையில் எங்கள் கல்லூரித் துறையிடம் கொடுத்தார்கள்.

ஆய்வுத் தலைவரை நாங்கள் 'சார்' என்று மட்டும் சொல்வோம். "உன் தெருவை நீயே பாத்துக்கோ கவிதா. உள்ளூர்ப் பொண்ணு, நம்புவாங்க," என்றார். நம்பினார்கள்.

அக்காவுக்கு அந்த அறை வேடிக்கைச் சமாச்சாரம் இல்லை. டாக்டர் பார்த்துச் சொல்லியிருந்தார்: மூட்டு எலும்பு இன்னும் கெடவில்லை, தொடைத் தசை மெலிந்துவிட்டது, அதனால்தான் எழுந்தால் கால் நடுங்குகிறது. ஆள் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்க, வாரம் மூன்று நாள் தொடைக்குப் பயிற்சி செய்தால் மீளலாம். விட்டால் மூட்டும் போகும். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுப்பது முற்பகலில், ஊரின் அந்தக் கோடியில். இரண்டு தடவை போனாள். அரை நாள் தறி நின்றது. மூன்றாவது தடவை போகவில்லை.

கிடங்கு அவள் வீட்டிலிருந்து பத்து வாசல். அறை வருகிறது என்று கேள்விப்பட்டதுமே நேரம் குறித்துவிட்டாள். "சாயங்காலம் ஆறு மணி எனக்கும் ரேணுகாவுக்கும். எழுதி வெச்சுக்கோ."

ரேணுகா அக்கா எதிர்வீடு. அவளும் தறிதான். தெருவுக்கே அவள்தான் ஒலிபெருக்கி.

கைப்பட்டைகளோடு வந்த தாளில் விதி தெளிவாக எழுதியிருந்தது: அதிகம் வேலை செய்யாத கையில் கட்டவும். எழுதுவது, கிளறுவது போன்ற அசைவுகள் நடையாகக் கணக்காகிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. உலகம் முழுக்க இப்படித்தான். நான் வாசல் வாசலாகப் போய் அதைத் தமிழில் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"வேலை செய்யாத கையா?" என்றாள் ரேணுகா அக்கா. "அப்ப எங்க வூட்டுக்காரரு கையில கட்டிட்டுப் போ. ரெண்டு கையும் தோது."

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவள் இடது கையில் கட்டினேன்.

இப்போது யோசித்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. எங்கள் தெருவில் வேலை செய்யாத கை எது? விதியை எழுதியவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களை நினைத்து எழுதியிருப்பார். அவருக்குத் தறி தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பிறந்து தவழ்ந்து முட்டிக்கொண்டது தறிக்கால்களில்தான். எங்கள் அம்மாவின் இடது கை அச்சில் இல்லாமல் வேறெங்காவது இருந்து நான் பார்த்ததில்லை. அச்சடித்த தாள் கையில் வந்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று.

அந்த ஏழு நாளும் தெருவில் ஒரே கூத்து. வாட்ச்சு காட்டிய எண்ணுக்கு எந்த ஊர் வரை நடந்திருக்கலாம் என்று சாயங்காலம் கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

"இன்னிக்கு எங்க போயிட்டு வந்தே திலகா?"

"ஐயம்பேட்டை வரைக்கும்பா. நீ?"

"நானு சின்ன காஞ்சிபுரம் போயி, பெருமாளைச் சேவிச்சுட்டு, கடைத்தெருவெல்லாம் சுத்திட்டு வந்துட்டேன். குழியை வுட்டு எழுந்திருக்கவே இல்லடி!"

அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் எண் ஏறுகிறது என்பதை வாய்விட்டு, சிரித்து, என் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு, எண்ணை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனேன்.

நான் அழித்த நாள்

இதைவிட மோசமான ஒன்று பாக்கியிருக்கிறது. எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆய்வு நடந்த ஏழு நாளில் ஒரு நாள் அமாவாசை, தொடக்கத்தில் சொன்னதற்கு முன்பு வந்த ஒன்று. அன்றைக்கு எங்கள் தெருவில் அத்தனை பேர் எண்ணும் சட்டென்று சரிந்திருந்தது. ஆய்வில் இன்னொரு விதி உண்டு: ஒருவருடைய எண் ஒரு நாள் மட்டும் அவருடைய மற்ற நாட்களில் கால்வாசிகூட வரவில்லையென்றால், அன்று அவர் கைப்பட்டையைக் கட்டவில்லை என்று கொண்டு அந்த நாளை நீக்கிவிடலாம். கம்ப்யூட்டரில் அந்த வரிசை முழுக்கச் சிவப்பாக எரிந்தது. நீக்கட்டுமா என்று கேட்டது. நான் விரலை வைத்து அழுத்தினேன்.

அமாவாசை என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கும் அக்கா வீட்டில் வடை தின்றவள்தானே நான்! தெரு முழுக்க ஒரே நாளில் எல்லோரும் சேர்ந்து கைப்பட்டையைக் கழற்றி வைப்பார்களா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். அவர்கள் நிஜமாகவே நடந்த ஒரே நாள் அது. அந்த ஒரு நாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, உட்கார்ந்திருந்த ஆறு நாளையும் நடையாகக் கணக்குக் காட்டினேன்.

ஆய்வு முடிவைச் சொல்லும் கூட்டத்தில் சார் திரையைக் காட்டினார். அபார்ட்மென்ட்டுக்குக் குட்டையாக ஒரு சிவப்புக் கட்டம். எங்கள் தெருவுக்கு நெட்டையாக ஒரு பச்சைக் கட்டம். குறுக்கே பத்தாயிரம் என்று ஒரு கோடு. இந்தப் பத்தாயிரம் பற்றியும் ஒரு வார்த்தை. அது எந்த ஆராய்ச்சியும் கண்டுபிடித்த எண் இல்லை. ஜப்பானில் நடையை எண்ணும் கருவி விற்றவர்கள், வாயில் நுழைகிற மாதிரி ஒரு முழு எண்ணைப் பெயராக வைத்தார்கள். அது உலகத்தைச் சுற்றி வந்து எங்கள் தெருவுக்குக் குறுக்கே கோடாகப் படுத்துக்கொண்டது.

"பரம்பரையாவே சுறுசுறுப்பான சமூகம்," என்றார் சார் மைக்கில். "இவங்களுக்குத் தனியா உடற்பயிற்சி ஏற்பாடு தேவைப்படலை. இவங்க வாழ்க்கையே உடற்பயிற்சி."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் தெருவைப் புகழ்கிறாரே என்று பெருமையாகக்கூட இருந்தது.

அறை அபார்ட்மென்ட்டுக்குப் போனது. அக்கா அதை இப்படித்தான் தெருவில் சொன்னாள்: "நமக்குத் தேவையில்லையாம்பா. நாமதான் எல்லாரையும் விட ஜாஸ்தி நடக்குறோமாம். காலேஜுல படம் போட்டுக் காட்னாங்களாம்." ஆறு மணிக்கு எழுதி வைத்த பெயரைப் பற்றி அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வைகாசியில் கருட சேவைக்கு வருடா வருடம் நடந்தே போகிறவள், அந்த வருடம் ஆட்டோவில் போய், ஆட்டோவில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டு வந்தாள். ஆய்வு முடிந்து திருப்பிக் கொடுத்த கைப்பட்டைகளில் ஒன்றுக்குக் கண்ணாடி கீறியிருந்தது. அதை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். மணி பார்க்க ஆகும் என்று அவள் கட்டிக்கொண்டாள்.

அந்தக் கீறிய கைப்பட்டைதான் மேலே சொன்ன அமாவாசையில் 'கெட்டுப்போனது'.

காலும் பொய் சொன்னது

மறுநாள் காலை அக்காவைத் தறியிலிருந்து எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். எனக்கு நெய்யத் தெரியும், சுமாராக. தறியில் இழுத்துக் கட்டியிருக்கும் அவளுடைய பாவு நூலைக் கெடுத்துவிடுவேனோ என்று அவள் என் தலைக்கு மேலேயே நின்றாள். இடது மணிக்கட்டில் அவள் கைப்பட்டை. நெய்து கொஞ்ச நேரத்தில் எண் ஓட ஆரம்பித்தது. உட்கார்ந்த இடத்திலேயே எதிர்வீட்டைத் தாண்டி, தெருமுனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

சரி, காலில் கட்டினால் உண்மை சொல்லும் என்று கணுக்காலுக்கு மாற்றினேன். மிதியை அழுத்த அழுத்த அங்கேயும் ஏறியது. காலும் பொய் சொன்னது!

"இன்னாடி, கால்லயும் கட்டிக்கினே? அடுத்து மூக்குலயா?" என்றாள் ரேணுகா அக்கா ஜன்னலுக்கு வெளியிலிருந்து.

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. எத்தனை அசைவு என்ற கேள்வியே தப்பு. உடம்பின் எடையைத் தொடை எத்தனை தடவை தூக்கியது என்று கேட்டிருக்க வேண்டும். அதை அளக்கக் கைப்பட்டை வேண்டாம். ஒரு நாற்காலி போதும்.

ரெண்டு வரி

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு சென்னைக்குப் போனேன். இடது கை, அமாவாசை, நான் அழுத்திய விரல், கணுக்கால். சார் பொறுமையாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் எரிச்சல். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"நல்ல அப்சர்வேஷன் கவிதா. இது ஒரு குறைபாடுதான். கட்டுரைக் கடைசியில ரெண்டு வரி போட்டுக்கலாம்."

"சார், அறை அங்க போயிடுச்சு சார்."

"அது அறக்கட்டளையோட முடிவு. நாம டேட்டாதான் கொடுத்தோம்."

"டேட்டாவே தப்பு சார்."

"நீ எடுத்த டேட்டாதானேம்மா?"

  எழுதிக்கொண்டு போன தாளை அவர் முன்னால் தள்ளினேன்: "ஆமா சார், நான்தான் எடுத்தேன். அதனாலதான் நானே வந்து தப்புன்னு சொல்றேன்." அவர் கண்ணாடியைத் துடைத்தார். போட்டுக்கொண்டார். "ரெண்டு வரி" என்றார் மறுபடியும்.

திரும்பும் வழியில் அந்த அபார்ட்மென்ட்டில் இறங்கிப் பார்த்தேன். அறை நன்றாக இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி, நீலப் பாய்கள், வரிசையாக எடைகள். பிசியோதெரபிஸ்ட் ஒரு மூலையில் போன் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் வேலை முடிந்து வருவதற்கே எட்டு மணி ஆகிவிடுகிறதாம். அதற்குள் அவர் கிளம்பிவிடுவார். உடற்பயிற்சி சைக்கிள் மேல் யாருடைய ஈர டவலோ காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களும் உட்கார்ந்தே கிடக்கிறவர்கள்தான். அந்த டவலை மட்டும் எடுத்துக் கீழே போட்டுவிட்டு வந்தேன். சின்னப் புத்திதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏழு

அக்காவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. தறியில் இருந்தாள். நான் குழி விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அச்சு நின்றது.

"அப்ப அந்தப் பதினாறாயிரம்?"

"உன் கை, அக்கா. நடையில்ல."

"அமாவாசையை யாரு எடுத்தது?"

"நான்தான்."

 அறுந்த ஓர் இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டாள். முடிச்சுப் போட்டுக்கொண்டே பேசினாள், கத்தவில்லை.

"என்னைப் பத்தித் தப்பா எழுதியிருந்தாகூடப் பரவாயில்லடி. நல்லதா எழுதிக் கெடுத்துட்டே. தெரு பூரா சொல்லிக்கினு திரிஞ்சேனே, நான் ஐயம்பேட்டை வரைக்கும் நடக்குறவள்னு."

மறுபடி அச்சைப் பிடித்தாள், அடிக்கவில்லை.

"இப்ப இன்னா பண்ணணும்ங்கிற?"

நாற்காலிப் பரிசோதனையைச் சொன்னேன். பக்கவாட்டில் கை இல்லாத நாற்காலி. இரண்டு கையையும் மார்பில் குறுக்கே மடித்துக்கொள்ள வேண்டும். முப்பது விநாடியில் எத்தனை தடவை முழுக்க எழுந்து உட்காருகிறோம் என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான்.

குழியிலிருந்து வெளியே வரவே அவளுக்கு, நெய்த துணி சுற்றும் படமரத்தையும் என் தோளையும் பிடிக்க வேண்டியிருந்தது. சமையல்கட்டிலிருந்து மர நாற்காலியை எடுத்துவந்து சுவரோடு சேர்த்துப் போட்டேன். போனில் நேரம் வைத்தேன்.

முதல் மூன்று சுலபமாக வந்தது. நான்காவதில் மூச்சை அடக்கினாள். ஐந்தாவதில் கை தானாக அவிழ்ந்து தொடையை ஊன்றப் போனது, "கை, கை" என்றேன், முறைத்தாள். ஏழாவதில் தொடை நடுங்கியது புடவைக்கு மேலேயே தெரிந்தது. எட்டாவதில் பாதி எழுந்து பொத்தென்று விழுந்தாள். இன்னும் நேரம் மிச்சமிருந்தது.

"ஏழு," என்றேன்.

"கம்மியா?"

நான் வழக்கமாக ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டவணை அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் போட்டது. இந்தப் பரிசோதனையே அவர்களுக்காக ஏற்பட்டதுதான். அதில் அறுபதைத் தாண்டிய பெண்களுக்குப் போட்டிருக்கும் கீழ் வரம்பைக்கூட என் அக்கா தொடவில்லை. முப்பத்தாறு வயதில். பச்சைக் கட்டத்துக்காரி.

"கம்மிதான் அக்கா."

"எவ்ளோ கம்மி?"

சொன்னேன். இனி அவளிடம் எந்த எண்ணையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. "இன்னொரு வாட்டி எண்ணு," என்றாள். "இப்ப வேணாம், தசைக்கு ஓய்வு வேணும்" என்றேன். "உன் ஓய்வை நீயே வெச்சுக்கோ" என்று எழுந்து போய்விட்டாள். எழும்போது நாற்காலி முதுகைப் பிடிக்கவில்லை. அதைக் காட்டுவதற்காகவே அப்படி எழுந்தாள்.

பிடிக்காமல் எழுவது

அறக்கட்டளைக்கு எழுதினேன். சார் பெயரைச் சொல்லிக் குறை கூறவில்லை. என் தப்பை எழுதினேன். ஏழு என்பதையும் எழுதினேன். ஓர் அம்மா ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார்: நேரில் வந்து பார்க்கிறேன், தேதி சொல்லுங்கள்.

அமாவாசை என்று சொல்லிவிட்டேன். தெரு முழுக்கத் தறி நிற்கிற நாள் அது ஒன்றுதான். நான் அழித்த நாளிலேயே அவர் வரட்டும். வீதியின் நடுவில் நாற்காலி போட்டு, வருகிற அத்தனை பேரையும் எழுப்பி உட்கார வைத்து, அவர் கண் முன்னாலேயே எண்ணப் போகிறேன். முடிந்தால் அபார்ட்மென்ட்டுக்காரர்களையும் கூப்பிட்டு எண்ண வேண்டும். ஒரே நாற்காலி, ஒரே கடிகாரம்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. நான் சொல்லிக்கொடுத்த மாதிரி அக்கா ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாற்காலியில் எழுந்து உட்காரத் தொடங்கிவிட்டாள், காலையில் தறிக்குப் போகும் முன் மூன்று சுற்று. ரேணுகா அக்கா பார்த்துவிட்டுப் பதறினாள்.

"ஏய், நீ தேறிட்டா அந்தம்மா வந்து பாத்துட்டு, நல்லாத்தானே இருக்காங்கன்னு போயிடும்டி! அமாவாசை வரைக்கும் சும்மா இரு. ஏழாவே இரு."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்தப் புத்தி ஒரு நொடி வந்தது. குறைவான எண்தான் அறையைக் கொண்டுவரும். அக்கா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தாள்.

"நீ பண்ணு அக்கா," என்றேன். "ஏழு எங்கிட்ட எழுதியிருக்குது. அமாவாசைக்கு எத்தினி வருதோ அதையும் பக்கத்துலயே எழுதுவேன். இத்தினி வருஷம் தறி ஏத்தாததை நாற்காலி ஏத்துதான்னு அந்தம்மாவே பாக்கட்டும்."

"ஏத்தலன்னா?"

"ஏத்தலன்னு எழுதுவேன்."

அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மர நாற்காலி ஒன்று போதாது, தெருவுக்கு இன்னொன்று வேண்டும். ரேணுகா அக்கா வீட்டில் இருப்பதெல்லாம் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. பிடித்துக்கொள்ளக் கை இருந்தால் யாரும் பிடித்துவிடுவார்கள் என்றேன்.

"அறுத்துடலாம்பா," என்றாள். "எந்தக் கையை அறுக்கணும் சொல்லு. வேலை செய்யாத கையா?"

இந்தத் தடவை சிரித்து முடித்த பிறகு, அவள் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். ரெண்டு கையையும்தான் என்றேன். ரம்பம் தேடிக்கொண்டிருக்கிறோம்.